பொய்க் காயத்துக்கு ஓடியவள்

போன கிழமை அபி ஃபோன் எடுத்தாள். எனக்குப் பிறகு எங்கள் பந்தாட்டக் கழகத்துக்குப் பிசியோவாகப் போன பிள்ளை. ஈஸ்ட் ஹாமில் பிறந்தவள். இங்கிலீஷில் தொடங்கி, நடுவில் ஒரு அக்காவைச் செருகி, இங்கிலீஷிலேயே முடிப்பாள். கோல்கீப்பர்கள் பொய்யாக விழுவதைத் தடுக்கப் புதிதாக ஒரு விதி வரும் என்று பேச்சு அடிபடுகிறதாம். கீப்பருக்கு மைதானத்தில் வைத்தியம் பார்த்தால் அவனுக்குப் பதிலாக இன்னொருவன் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டி வருமாம். அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, முழுத் தமிழில் கேட்டாள்: “அக்கா, நீங்களும் உந்த வேலை பாத்தனீங்களோ?”

பார்த்தேனாவா. அந்த வேலையில் என்னை அடிக்கக் கிழக்கு லண்டனில் ஆள் இல்லை என்று இருந்தவள் நான். ஃபோனை வைத்த பிறகும் கால் நிற்கவில்லை. பிளேஸ்டோவில் என் சின்னச் சமையலறையில் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தேன். பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து, போத்தல் மூடி திறக்கவும் ஆள் தேடுகிற கை என்னுடையது. இத்தனை வருடம் மற்றவர்களின் தசையை அழுத்தியதில் அவர்களுடைய தசையெல்லாம் நன்றாக இருக்க என் விரல்தான் போனது. ஐம்பது தாண்டியதும் ஓய்வு. ஆனால் ஓடுகிற கால் அப்படியே இருக்கிறது. எங்காவது யாராவது புல்லில் பொத்தென்று உட்கார்ந்தால் போதும், அது எழும்பிவிடும்.

பந்தாட்டம் பார்க்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரன் ஒருவன் விழுந்து, பிசியோ ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் கோட்டுக்கு வெளியே போய்த்தான் திரும்ப உள்ளே வரலாம். கோல்கீப்பருக்கு அது இல்லை. கீப்பர் இல்லாமல் ஆட்டம் நடக்காது. அவன் எழும்பும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். இந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால் எங்கள் மனேஜர் டெரெக் ஒரு லொறியையே ஓட்டினார். எதிரணி அலையலையாக ஏறி வருகிறது, எங்கள் பெடியளுக்கு மூச்சு வாங்குகிறது, அவருக்கோ சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருக்கிறது. தொப்பியின் முன்பக்கத்தைத் தொடுவார். கீப்பர் உட்காருவான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மற்றப் பத்துப் பேரும் தண்ணீர் குடிக்க வருகிற மாதிரி வந்து டெரெக்கைச் சுற்றி நின்று பாடம் கேட்பார்கள். பாடம் முடிந்தால் மறுபடி தொப்பி. கீப்பர் குணமாகிவிடுவான்.

நான் அந்தக் கழகத்துக்கு வந்த வழியை நீட்ட விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது, அகதி விண்ணப்பத்துக்கு நடுவில் இங்கிலீஷ் படித்தது, பிறகு பிசியோதெரபி படித்தது, ஆஸ்பத்திரி வார்டில் இடுப்பெலும்பு மாற்றியவர்களைக் கைபிடித்து நடத்தியது. எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. வார்டில் மனிதர்கள் மெதுவாக நடந்தார்கள். எனக்கோ வேகம் வேண்டும். வெள்ளைக் கோடு, ஈரப் புல், விசில், பத்தாயிரம் இல்லாவிட்டாலும் ஒரு சில ஆயிரம் தொண்டைகள். ஓடு என்று ஒருவர் கைகாட்டியதும் மூளைக்கு முன்னால் முழங்கால் புறப்பட்டுவிடுகிற அந்தக் கணம். அதற்காகத்தான் போனேன்.

டிவியில் வருகிற கழகம் இல்லை எங்களுடையது. பல படிகள் கீழே. சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்தான், என்றாலும் பயிற்சி உடுப்பை அவரவர் வீட்டில்தான் தோய்ப்பார்கள். ரெயில் பாதைக்குப் பின்னால் மைதானம். பார்வையாளர் மேடைக்குத் தகரக் கூரை. கோல் விழுந்தால் ஆட்கள் பலகைத் தளத்தை உதைக்கிற உதையில் கீழே உடைமாற்றும் அறையில் தேநீர்க் கோப்பைகள் நடுங்கும்.

டெரெக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். உச்சிக்குப் போனால் உதடு மட்டும் அசையும், சத்தமே வராது, அதைப் பார்த்துத்தான் ஆறடி ஆண்கள் நடுங்குவார்கள். விழுந்தவன் காலை நான் கோட்டோரம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் அந்தக் காலைப் பார்க்க மாட்டார், என்னையும் பார்க்க மாட்டார். ஆட்டத்தைப் பார்த்தபடி ஒரே கேள்வி: இவன் எவ்வளவு நேரம் தாங்குவான்? நான் சொல்வதுதான் முடிவு. ஒருநாளும் மீறியதில்லை. சொன்னதும் சட்டைப்பையில் இருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து நீட்டுவார். அதுதான் அவருடைய நன்றி. பெப்பர்மின்ட் பிடிக்காத நான் எல்லாவற்றையும் வாங்கி மென்றேன்.

இனி மரேக். போலந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரன். பதின்ம வயதில் ஒரு பெரிய இங்கிலீஷ் கழகம் அவனை வாங்கி வந்து மூன்றாவது கீப்பராக வைத்தது. பிறகு அந்தக் கழகத்துக்கு இரவல், இந்தக் கழகத்துக்கு இரவல், ஸ்கொட்லாந்தில் ஒரு குளிர்காலம், வேல்ஸில் இரண்டு. கீப்பரின் வாழ்க்கை அப்படித்தான்: அணியில் ஒரே ஒரு கதிரை, அதில் இருக்கிறவன் எழும்பினால்தான் அடுத்தவன் இருக்கலாம். எழும்பாத மனிதர்களுக்குப் பின்னால் நின்றே அவனுக்கு இருபதுகள் போய்விட்டன. முப்பது தாண்டி எங்களிடம் வந்தபோதுதான் கதிரை அவனுக்குக் கிடைத்தது, கிடைத்ததில் என்னமாய் இருந்தான்! உயரப் பந்துக்கு வெளியே வரும்போது “மோயா!” என்று கத்துவான். போலிஷில் என்னுடையது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்கு எங்கள் பின்வரிசை மட்டும் இல்லை, எதிரணியும் விலகும், கடல் விலகுகிற மாதிரி.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை என்னை அக்கா என்று கூப்பிட, மரேக் பிடித்துக்கொண்டான், பிறகு முழு அணியும், கடைசியில் டெரெக்கும். மரேக் அதோடு விடவில்லை. ‘சாகப்போறன்’ என்ற ஒரு சொல்லையும் அந்தப் பிள்ளையிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்தான். பொய்க் காயத்துக்கு நான் ஓடிப்போய் முழங்காலில் இருந்ததும், முகத்தில் உலகத்து வேதனை எல்லாம் வழிய, “அக்கா, சாகப்போறன்” என்பான். நான் பையின் ஸிப்பை இழுத்தபடி, “கெதியாச் செத்துத் தொலை, பனி பெய்யுது” என்பேன். மற்றதெல்லாம் நாங்கள் பேசியது இங்கிலீஷ்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

அந்த நாடகத்துக்கும் ஒரு முறை இருந்தது. ரெஃபரி நிற்கிற பக்கத்தில் நான் இருக்க வேண்டும், அவன் முகம் மறைய. ஸிப்பை இரண்டு தடவை மாட்டவைத்து இழுக்க வேண்டும். குளிர் ஸ்பிரே, துடைப்பு, திரும்ப ஸ்பிரே. முதலில் எல்லாம் கெண்டைக்கால்தான். ரெஃபரிமார் பழகிவிட்டார்கள், மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி எழுப்பத் தொடங்கினார்கள். அப்போதுதான் டெரெக், தலை என்றார். தலை என்றால் எந்த ரெஃபரியும் அவசரப்படுத்த ஏலாது. நான் வேண்டாம் என்றேன். கண்ணில் தூசு, இடுப்பு, தொடை, எதையும் நடிக்கலாம், தலை வேண்டாம் என்று இரண்டு நாள் வாதாடினேன். அவர் என் தீர்ப்பை எந்தக் காயத்திலும் மீறாதவர், ஆனால் இது காயம் இல்லையே என்றார். பெப்பர்மின்ட் நீட்டினார்.

ஆகவே கேள்விகளும் நாடகத்துக்குள் வந்தன. தலையில் அடிபட்டவனிடம் பிசியோ கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன: இது எந்த மைதானம், இது எந்தப் பாதி, கடைசியாக கோல் போட்டது யார், போன கிழமை யாரோடு ஆடினோம். ரெஃபரிக்குக் கேட்கட்டும் என்று நான் உரக்கக் கேட்பேன், மரேக் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அன்றைய பதில்களை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்து, அந்த ஆட்டப் பருவம் முழுக்க ஒப்பித்தான்.

பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலை போதும், எங்கள் பிரிவில் நின்றுவிடுவோம். தோற்றால் கீழே, கீழே என்றால் கழகம் முழுநேரம் ஆட்களை வைத்திருக்காது. மரேக்குக்கு அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நின்றால் இன்னும் இரண்டு வருடம் தருகிறேன் என்று டெரெக் கைகொடுத்திருந்தார். முப்பத்தாறு வயது கீப்பரை வேறு யார் எடுப்பார்கள்? மரேக்கும் மனைவியும் அப்போதுதான் எட்மண்டனில் வீடு மாறி, பிள்ளை பிறக்கக் காத்திருந்தார்கள்.

காலையில் விரல்களுக்கு டேப் சுற்ற வந்தான். கீப்பரின் விரல் பியானோ வாசிக்கிறவரின் விரல் இல்லை, வேர். எத்தனையோ தடவை விலகி, நான் இழுத்துப் பொருத்தி, திரும்ப விலகியது. வலது மோதிரவிரலையும் நடுவிரலையும் சேர்த்துச் சுற்றுவது வழக்கம், மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, மூட்டு மட்டும் மடங்க விட்டு. அன்று புதிதாக இடது பெருவிரலையும் நீட்டினான். உங்கட விரல் வருத்தம் எனக்கும் தொத்திட்டுது அக்கா என்று சிரித்தான். அதற்கும் சுற்றினேன்.

முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டோம். கோப்பைகள் நடுங்கியிருக்கும். இரண்டாம் பாதியில் எதிரணி எங்கள் கோலுக்கு முன்னால் குடியேறிவிட்டது. மூலையில் இருந்து உதைக்க உதைக்க, கோர்னருக்கு மேல் கோர்னர். ஒன்றில் மரேக் “மோயா!” என்று எழும்பினான், கூட்டத்துக்கு மேலே எழும்பினான், பந்தை ஆகாயத்திலேயே அணைத்தான், இறங்கும்போது ஒருவனுடைய முழங்கால் அவன் காதடியில் பட்டது. பந்தை விடவில்லை. தானே எழும்பினான், பந்தைத் தூர எறிந்தான். நான் எழும்பி நின்றேன்; பெருவிரலை உயர்த்திக் காட்டினான். மேடை முழுக்க அவன் பெயர். திரும்ப பெஞ்சில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் டெரெக்கின் கை தொப்பிக்குப் போனது. மரேக் உட்கார்ந்தான்.

என்ன கச்சிதம். எங்கள் பெடியள் கோட்டுக்கு ஓடி வர, நான் எதிர்த்திசையில் ஓட, உண்மையைச் சொன்னால் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரிய நாளில், பெரிய நாடகம். காற்று காதில் அடிக்கிறது, பை தொடையில் அடிக்கிறது, எதிரணிக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள், அதுவும் ஒரு கைதட்டல்தானே.

முழங்காலில் இருந்தேன். ஸிப்பை மாட்டவைத்து இழுத்தேன். எந்த மைதானம்? சொன்னான். எந்தப் பாதி? சொன்னான். கோல் போட்டது யார், போன கிழமை யார், எல்லாம் தட்டுத் தடுமாறாமல். ரெஃபரி தலையாட்டிவிட்டு இரண்டடி தள்ளிப் போனார். நான் ஸ்பிரேயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ‘சாகப்போறன்’ வரவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், அவன் வலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். டெரெக்குக்கு முதுகு. தொப்பியை அவன் பார்த்திருக்கவே ஏலாது.

ஒரு பருவம் முழுக்க ஒப்பித்த பதில்கள் நாக்கில் இருந்து வருகின்றன, தலையில் இருந்து இல்லை. என்னுடைய கேள்விகளை எல்லாம் நாங்களே தேய்த்து மழுங்கடித்துவிட்டோம். ஒப்பிக்காத கேள்வி ஒன்று வேண்டும், உடனே வேண்டும்.

“மரேக், இண்டைக்குக் காலமை புதுசா எந்த விரலுக்கு டேப் சுத்தினனான்?”

அவன் யோசித்தான். பிறகு, மிகவும் மரியாதையாக, வலது கையால் இடது கையுறையின் பட்டியைக் கழற்றத் தொடங்கினான். பார்த்துச் சொல்வதற்காக.

நான் எழும்பி டெரெக்கைப் பார்த்து இரண்டு கைகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினேன். ஆளை மாற்று என்பதற்கான சைகை. டெரெக் பெருவிரலை உயர்த்தினார். நல்ல நடிப்பு என்கிறார். திரும்ப உருட்டினேன். கோட்டில் நின்ற பெடியள் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான்.

இப்படி ஒரு தனிமை வேறு தொழிலில் இருக்குமோ தெரியாது. முழு மைதானத்துக்கும் நான் ஒரு பொய்க்காரி, பொய்க்காரி இப்போது உண்மை சொல்கிறாள், அதுவும் நாடகத்தில் ஒரு புதுக் காட்சி என்று எல்லாரும் ரசிக்கிறார்கள். ரெஃபரியிடம் சொன்னேன், இது நிஜம் என்று. உங்கள் கீப்பர் இந்தப் பருவத்தில் விழுந்ததை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், எழுப்புங்கள் என்றார். டெரெக் கோட்டோரமாகவே கோல் பக்கம் நடந்து வந்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

“காணும் அக்கா. எழும்பச் சொல்லுங்கோ.”

“இது நடிப்பில்லை டெரெக். அவனுக்குத் தலை.”

“அதைத்தானே நாங்கள் நடிக்கிறம்.”

மேலே சொல்ல அவருக்குச் சத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. மாற்றுக் கீப்பர் வேறு இல்லை. இரண்டாவது பெடியன் ஊன்றுகோலோடு மேடையில் இருந்தான். இவனை எடுத்தால் கோல் திறந்த வீடு. எனக்குத் தெரியாதா?

மரேக் எழும்பி நின்றான். காலைச் சரியாக ஊன்றினான். என் கையைப் பிடித்தான்.

“அக்கா, இண்டைக்கு மட்டும் விடுங்கோ. இது முடியட்டும். பிறகு நீங்கள் சொல்லுறது எல்லாம் கேக்கிறன்.”

அந்தக் குரலில் குழப்பமே இல்லை, அதுதான் கொடுமை. எட்மண்டன் வீடு, பிறக்கப் போகிற பிள்ளை, எழும்பாத மனிதர்களுக்குப் பின்னால் நின்ற வருடங்கள், எல்லாம் தெளிவாக இருந்தன. அன்று காலையில் நடந்தது மட்டும் இல்லை. இன்னொரு முழங்கால் அதே இடத்தில் பட்டால்? அவன் ஏற்கெனவே கழற்றத் தொடங்கியிருந்த இடது கையுறையை இழுத்து எடுத்தேன். பிறகு வலதையும். கோட்டில் இருந்து திரும்பி வந்து கிட்ட நின்றவன் ஜெரோம், எங்கள் அணியிலேயே கட்டையானவன், ஓரத்தில் ஓடி ஆடுகிறவன். கையுறைகளை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன்.

“எனக்கா?” என்றான்.

“போடு.”

அவன் மரேக்கின் வெறுங்கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், போட்டான். அதைப் பார்த்த பிறகுதான் ரெஃபரி ஓடி வந்து, டெரெக் ஒரு பின்வரிசைக்காரனை உள்ளே அனுப்ப, நான் மரேக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவன் எதிர்க்கவில்லை. கையுறை இல்லாத கீப்பர் என்ன செய்வான்? மேடைக்குக் கீழே போகிற சுரங்கப் பாதைக்குள் இறங்கும்போது பின்னால் ஒரு கீச்சுக் குரல், சுத்த லண்டன் உச்சரிப்பில், “மோயா!” என்றது.

உடைமாற்றும் அறையில் அவன் வாந்தி எடுத்தான். சரித்துப் படுக்க வைத்தேன், ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், கண்மணிகளுக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், நாடியைப் பிடித்தபடி இருந்தேன். மேலே தகரமும் பலகையும். அவன் கேட்டான்: “என்ன ஸ்கோர்?” ஒண்டு சைபர், நாங்கள்தான் என்றேன். கண்ணை மூடினான், திறந்தான். “அக்கா, என்ன ஸ்கோர்?”

பயந்துவிடாதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன், அவன் நன்றாக இருக்கிறான். ஸ்கானில் ஒன்றும் இல்லை. ஆனால் வெளிச்சம் பார்க்க ஏலாமல் பல கிழமை திரைச்சீலை மூடிய அறையில் கிடந்தான். டெரெக் கொடுத்த கை கொடுத்ததுதான். இரண்டு வருடமும் ஆடி முடித்தான். அந்த இரண்டு வருடமும் எங்கள் கழகத்தில் ஒருவரும் பொய்யாக உட்காரவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. இப்போது போலந்தில் குட்டிக் கீப்பர்களுக்குப் பந்து எறிகிறான். அபிக்கு இதைத்தான் சொன்னேன்: எந்த விதி வந்தாலும் வரட்டும், உன்னுடைய கேள்வியை மட்டும் நாடகத்துக்குக் கடன் கொடுக்காதே.

திரும்ப அந்த அறைக்கு வாருங்கள். தூரத்தில், மெல்லிய, சின்னக் கூட்டத்தின் கூச்சல். மேலே எங்கள் தளம் செத்துப் போன மாதிரி. எதிரணி கோல். ஒன்றுக்கு ஒன்று. மரேக்குக்கு அந்த நிசப்தம் விளங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். ஒரு நிமிடத்தில் திரும்பி, “என்ன ஸ்கோர்?” என்றான். சொன்னேன். அதே துக்கம், புதிதாக, முழுதாக. நாலைந்து தடவை அவனுக்கு அந்தக் கோலை நான் போட்டேன். பிறகு பலகைகள் உறுமின, நின்றன, உறுமின. என் கை அவன் நாடியில், ஓடுவது யாருடைய நாடி என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு நீண்ட விசில், அதற்குப் பிறகு கூரை இடிந்து விழுந்தது என்றுதான் நினைத்தேன். அலுமாரிக் கதவுகள் தானாகத் திறந்தன. கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

“என்ன ஸ்கோர்?”

“ஒண்டுக்கு ஒண்டு. முடிஞ்சுது மரேக். நாங்கள் நிக்கிறம்.”

அந்த முகம்! இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போலிஷில் எதையோ கொட்டினான், எழும்பப் பார்த்தான், நான் தோளைப் பிடித்து அமர்த்தினேன், அழுதான், சிரித்தான். பிறகு கூரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம். “அக்கா,” என்றான், “என்ன ஸ்கோர்?”

கதவைத் தள்ளிக்கொண்டு டெரெக் வந்தார். யாரோ ஊற்றிய பியரில் தலை நனைந்திருந்தது. மரேக்கைப் பார்க்கவில்லை, என்னை நோக்கி வந்தார், உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

மரேக் அவரிடம் கேட்டான். டெரெக் நின்று, ஒண்டுக்கு ஒண்டு, நிண்டிட்டம் என்றார். மரேக் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான், கண்ணீர் காதுக்குள் ஓடியது. டெரெக் என் பக்கம் திரும்பினார். பார்த்தீர்களா, ஆள் நல்லாத்தானே இருக்கிறான் என்கிற முகம்.

“டெரெக்,” என்றான் மரேக், அவர் அப்போதுதான் உள்ளே வந்த மாதிரி. “எப்ப வந்தனீங்கள்? என்ன ஸ்கோர்?”

உதடு நின்றது. டெரெக் என்னைப் பார்த்தார். அத்தனை வருடத்தில், ஒரு காயத்துக்குப் பக்கத்தில் நின்று, அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலுக்குக் கிட்ட இருந்து, மரேக்கின் டேப் சுற்றிய கையைத் தன் கைக்குள் எடுத்தார்.

வாசலில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நின்றபோது, டெரெக் அந்த நல்ல செய்தியை அவனுக்குத் திரும்பவும் முதல் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.